பதினோரு மணிக்குக் கிளம்பும் கார்

கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் கார்கள் தாமாகவே கிளம்பிக்கொண்டிருந்தன. எங்கும் போய்விடாது. நின்ற இடத்திலேயே எஞ்சின் மெல்ல உறும, உள்ளே ஏசி ஊத, ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் அந்த நேரம் யார் வீட்டிலோ சோபாவில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருப்பார். தான் கிளம்பப்போவது அவருக்கே இன்னும் தெரிந்திருக்காது. ஆறு நிமிடம் கழித்துத்தான் தொடையைத் தட்டிக்கொண்டு, 'சரிங்க, அப்ப நாங்க வர்றோம்' என்று எழுந்திருப்பார். அதற்குள் வீட்டுக்கார அம்மாள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்திருப்பாள்.

அந்தக் கருவிக்குக் கம்பெனிக்காரன் வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தான். ஊர் அதைக் 'கிளப்பி' என்று சுருக்கிக்கொண்டது. திருடன் கை வைத்தால் அலறும் அலாரமும், தூரத்திலிருந்தே வண்டியை ஸ்டார்ட் செய்யும் வசதியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதெல்லாம் பழைய சங்கதி. புதிய சங்கதி, பொத்தான் எதையும் அமுக்க வேண்டாம் என்பதுதான். கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் போதும். சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறி இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வேக வேண்டியதில்லை. நீங்கள் போய்ச் சேரும்போது வண்டி குளிர்ந்து தயாராக இருக்கும்.

நல்ல விஷயம்தான். ஆனால் நம் ஊரில் விருந்தாளி கிளம்புவது என்ன லேசுப்பட்ட காரியமா? 'இருங்க, சாப்டுட்டுப் போலாம்' என்று இவர்கள் சொல்ல, 'இல்லீங்க, இன்னொரு நாளைக்கு' என்று அவர்கள் இழுக்க, வாசலில் அரைமணி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கால்மணி என்று பேசிப் பேசிக் கட்டிக் காத்த நாசூக்கு அத்தனையையும் கிளப்பி போட்டு உடைத்துவிட்டது. கல்யாண மண்டபங்களில் தாலி ஏறிய கையோடு வெளியே முப்பது நாற்பது கார்கள் ஒரே நேரத்தில் உறும ஆரம்பிக்கும். அப்போது பெண்ணைப் பெற்றவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். துக்க வீட்டுச் சமாசாரத்தை நான் சொல்ல விரும்பவில்லை. கடைசியில் ஊரே கூடி ஒரு மரியாதையைக் கண்டுபிடித்தது. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே கைப்பட்டையையும் கழற்றி அதன்மேல் வைத்துவிட வேண்டியது. பட்டையோடு உள்ளே வருகிறவர் ஒன்று மறதிக்காரர், இல்லாவிட்டால் திமிர் பிடித்தவர்.

திருமூர்த்தி இந்தக் கிளப்பிகளைப் பொருத்துகிறவர். நூறடி ரோட்டில் கார் சாமான் கடை. வயது ஐம்பத்து மூன்று, நிதானமான ஆள், கையில் சுத்தம். மற்ற கடைகளில் இரண்டு வயரை முறுக்கி டேப்பைச் சுற்றி அனுப்பிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைப்பார். சைரனின் வாய் கீழே பார்க்கும்படி முடுக்குவார், மேலே பார்த்தால் மழைத் தண்ணீர் தேங்கிவிடும். பூனை குதித்தால் அலறாமல், கண்ணாடியை ஒருவன் தட்டினால் அலறும்படி அதிர்வு உணர்வியைத் திருகி வைக்க அவரைப் போல ஊரில் ஆள் கிடையாது. வேலை முடிந்ததும் வண்டிக்காரரிடம் ஒரே வசனம் சொல்வார்: "மனசு பொய் சொல்லுமுங்க. ஒடம்பு சொல்லாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சாமியார் களை வந்துவிடும்.

ஊருக்கெல்லாம் பொருத்தியவர் தன் வீட்டுக் காருக்குப் பொருத்த எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். அவருக்கு ஸ்கூட்டர் போதும். வடவள்ளி வீட்டில் நின்ற கார் மனைவி சாந்தாமணியின் உபயோகத்துக்கு. மகள் வேலை கிடைத்து புனே போய் மூன்று வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆள் சத்தத்தைவிடக் காற்றின் சத்தம்தான் அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மருதமலை ஓரமாகத் திரும்பி, அவர்கள் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைப் பையை வீட்டுக்கே கொண்டுவந்து, டேஷ்போர்டின் கீழ்ப்பலகையைக் கழற்றிவிட்டு, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு படுத்திருந்தார். சாந்தாமணி பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூட அறிவியல் கூடத்தில் வேலை பார்த்தவள். எதையும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டாள்.

"அதுக்கு எப்படிங்க தெரியும், நான் கிளம்பப்போறேன்னு?"

"உனக்குத் தெரியறதுக்கு ஆறு நிமிஷம் முன்னாடியே உன்ற ஒடம்புக்குத் தெரிஞ்சுருது. நாடி மாறுது, மூச்சு மாறுது, காலு தயாராயிருது. மனசு கடைசியா வந்து கையெழுத்துப் போடறதோட சரி."

"அப்ப இத்தன வருஷம் நானா எங்கயும் போகலைங்களா?" என்று அவள் சிரித்தாள். அவரும் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சிரித்தார். பட்டையைக் கட்டிவிட்டார். மாலையில் கோயிலுக்குப் போகலாமா என்று அவள் யோசிப்பதற்குள் கார் யோசித்துவிட்டது. அன்றைக்கு அது இருவருக்கும் பெரிய விளையாட்டாக இருந்தது.

கிளப்பியைப் பொருத்தச் சொல்லி வருகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, கழற்றச் சொல்லி வருகிறவர்களும் மெல்ல மெல்ல வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் அருளானந்தம் என்கிற வங்கி அதிகாரியைத் திருமூர்த்தியால் மறக்க முடியவில்லை. அவருடைய அப்பா போத்தனூரில் தனியாக இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் மகன் போய்ப் பார்ப்பார். படுக்கையில் இருக்கும் பெரியவர் பழைய ரயில்வே கதைகளைச் சொல்வார், மகன் உம் கொட்டுவார். பன்னிரண்டாவது நிமிடம் வாசலில் கார் கிளம்பிவிடும். ஒரு வாரம் தவறாமல் பன்னிரண்டாவது நிமிடம். பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்று திருமூர்த்தி கேட்டார். கழற்றி வைத்துவிட்டுத்தான் இப்போது போகிறாராம். ஆனால் பெரியவர் பன்னிரண்டு நிமிடத்தைத் தாமே கற்றுக்கொண்டுவிட்டார். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாராம்.

"கிளம்புப்பா, நேரமாச்சுங்கறார். எனக்குப் போகணும்னே தோணலைங்க. ஆனா அவர் நம்பமாட்டேங்கறார். நானே நம்பறதில்ல இப்பெல்லாம்," என்றார் அருளானந்தம்.

திருமூர்த்தி கழற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அந்தச் சாமியார் வசனத்தைச் சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு, காருக்குப் பெட்ரோல் போட எடுத்துக்கொண்டு போனவர் மீட்டரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். ஓடிய தூரம் சொற்பம். பெட்ரோல் பாதிக்குக் கீழே. தொழில்காரருக்கு இது போதும். ஓடாமலே குடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, இந்த வாரம் வண்டியை எங்காவது எடுத்தாயா என்று சாந்தாமணியிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்கு முன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எடுக்கலீங்க. அதுவாத்தான் கிளம்புது. தெனமும் பதினோரு மணிவாக்குல. பத்து நிமிஷம் ஓடும், ஆள் ஏறலைன்னதும் நின்னுரும்."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம இல்லீங்க. நீங்க இருக்கறப்ப இல்ல."

அதற்குமேல் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அவள் உடம்பு தினமும் பதினோரு மணிக்கு இந்த வீட்டைவிட்டுக் கிளம்ப விரும்புகிறது, மனசு கையெழுத்துப் போட மறுக்கிறது. புருஷன் வீட்டில் இருக்கும் நாளில் அந்த விருப்பத்தையும் அடக்கிக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான பேருக்கு அவரே விளக்கிச் சொன்ன பாடம். தன் வாயாலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டவர் எங்கே போய் மறுப்பார்? அவள் மோர் ஊற்றினாள். அவர் போதும் என்றார்.

அன்றிலிருந்து கடையில் பதினோரு மணி ஆனாலே அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். டீ வரும் நேரம் அது. எதிர்க் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே உள்ள சந்தில் கொஞ்ச நேரம் வெயில் சாய்ந்து கடைக்குள் விழும். அந்த வெளிச்சத்தில் ஈயப்புகை மிதக்கும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்நேரம் வடவள்ளியில் கார் உறும ஆரம்பித்திருக்கும். சாந்தா ஜன்னல் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக்கொண்டு என்ன செய்வாள்? மனக்கண்ணில் அவள் முதுகு மட்டும் தெரியும். திரும்ப மாட்டாள். டீ ஆறிப்போகும். சில நாள் அப்படியே தூக்கமும் விழிப்புமாகப் பத்து நிமிடம் கரைந்துவிடும். பிறகு யாராவது ஹாரன் அடித்தால்தான் தன் கடைக்கே திரும்பி வருவார்.

வீட்டில் அவர் மிக மிக மரியாதையாக நடந்துகொண்டார். அதுதான் மோசம். சட்னியில் உப்பு இல்லை என்றால் முன்பு உப்பு இல்லை என்பார். இப்போது பேசாமல் சாப்பிட்டார். அவளும் முன்பு ஆயிரம் கேள்வி கேட்பவள், ஒன்றும் கேட்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். யார் முதலில் எழுந்திருப்பது என்று தெரியாமல்.

ஆவணி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, அவர் இட்லி சாப்பிட்டுக் கை கழுவும்போது சாந்தாமணி சொன்னாள். கோத்தகிரியில் ஒரு பெண்கள் விடுதி. வார்டன் வேலை. அவளோடு முன்பு வேலை பார்த்த ஒருத்தி சொல்லிவிட்டாள். தங்கும் அறை உண்டு. புதன்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். மகளிடமும் போனில் பேசிவிட்டாள், அவள் அழுதாளாம், பிறகு சரி என்றாளாம். கார் தன்னோடு வரும். போவதற்கு முன் அந்தக் கிளப்பியைக் கழற்றித் தந்துவிட வேண்டும். அங்கே விடுதிப் பெண்களுக்கு முன்னால் அது தினமும் கிளம்பிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

திருமூர்த்தி துண்டில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு சாந்தா?"

"ஒடம்பு தெனமும் கேக்குதுங்க. நான் எத்தன நாளைக்கு இல்லைன்னே சொல்லிட்டிருக்கறது?"

இருபத்தாறு வருடமாகச் செய்வதுபோலத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். வழியெல்லாம் சிக்னல்கள் பச்சையாக இருந்தன, எவனோ வேண்டுமென்றே வழிவிட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பியைக் கழற்ற உட்கார்ந்தார். காற்று பலமாக இருந்தது. கழற்றிய திருகாணிகள் உருண்டோடாமல் ஒரு தட்டில் போட்டு அதன்மேல் கல்லை வைத்தார். வயரைப் பிரிப்பதற்கு முன்னால் பெட்டியின் நினைவை அழிக்க வேண்டும், அதுதான் முறை. அதற்கென்று கடைக்காரர்கள் வைத்திருக்கும் கையடக்கத் திரையைப் பெட்டியில் செருகினார். இந்த வண்டி எந்தெந்தப் பட்டையின் பேச்சைக் கேட்கும், எப்போது எந்தப் பட்டை கூப்பிட்டது என்று அதில் வரிசையாக வரும். வண்டிக்காரர்கள் அதைப் பார்க்க முடியாது.

பட்டைகள் இரண்டு என்று காட்டியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது சாந்தாமணியுடையது. காய்கறி வாங்க, மருதமலைக்கு, தையல் கடைக்கு என்று பத்தொன்பது அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டி நிஜமாகவே ஓடியிருக்கிறது. பதினோரு மணிக்கு ஒன்றுகூட இல்லை.

முதலாவது பட்டை அவருடையது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிளப்பி பொருத்துகிறவர்கள் எல்லோருக்கும் சோதனைப் பட்டை ஒன்று இருக்கும். வேலை முடிந்ததும் முதலில் தன் பட்டையை வண்டிக்குப் பழக்கி, சரியாகக் கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். பிறகுதான் வண்டிக்காரரின் பட்டை. தன்னுடையதை அழிப்பது எப்போது என்றால், சாவியை வண்டிக்காரர் கையில் கொடுக்கும் அந்த நிமிடத்தில். 'இந்தாங்க சாவி' என்று வலது கை நீளும்போதே இடது கை அழிக்கும் பொத்தானை அமுக்கிவிடும். நூற்றுக்கணக்கான வண்டிகளில் வந்த பழக்கம், யோசிக்கவே வேண்டாம். ஆனால் அவர் வீட்டுக் காருக்கு யார் சாவி கொடுப்பது, யாரிடம் கொடுப்பது? அன்றைக்குச் சாவி எப்போதும்போல ஆணியில் தொங்கிற்று. வலது கை நீளவில்லை. இடது கையும் மறந்துவிட்டது.

சோதனைப் பட்டையை அவர் கடை திறந்ததும் கட்டுவார். முந்தின நாள் முடித்த வண்டிகளைச் சரிபார்த்து அனுப்புவது காலையில்தான். மதியம் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது கழற்றி மேசைக்குள் போட்டுவிடுவார், மாலை முழுக்க டேஷ்போர்டுகளுக்குள் கையை விடும் வேலை. பட்டை கையில் இருக்கும்போது உடம்பு கிளம்ப நினைத்தால், செல்போன் கோபுரங்களைத் தாண்டி, பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கார் கேட்டுக்கொள்ளும்.

கேட்டுக்கொண்டது. அறுபத்தொரு தடவை.

திருமூர்த்தி கார்க் கதவைத் திறந்தபடி வைத்து, காலை வெளியே போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்ப விரும்பியது அவள் இல்லை. அவர். அவருடைய உடம்பு. அவளை விட்டுப் போக வேண்டும் என்று தினமும் அது கேட்டிருக்கிறது, அந்தப் பழியைச் சத்தமில்லாமல் அவள் சுமந்திருக்கிறாள். வெட்கம் அவரைத் தின்றது. இப்படியும் ஒருவன் தனக்குத் தெரியாமல் அயோக்கியனாக இருப்பானா என்று நினைத்தார்.

அழித்துவிடலாம் என்றும் நினைத்தார், நான் மறைக்கவில்லை. ஒரு பொத்தான். அதை அமுக்கிவிட்டு உள்ளே போய், 'மெஷின்ல கோளாறு சாந்தா, நீ கிளம்ப நெனைக்கவே இல்ல' என்று பூசி மெழுகினால் போதும். பாதி உண்மைதானே. அவள் நம்புவாள். புதன்கிழமை வராது. விரல் பொத்தானுக்கு மேல் வந்து நின்றது. வயரை முறுக்கி டேப் சுற்றி அனுப்புகிறவர்களை வாழ்க்கை முழுக்க ஏளனம் செய்த மனிதர் அவர். விரலை எடுத்துக்கொண்டார்.

சாந்தாமணி கூடத்தில் உட்கார்ந்து புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அந்தக் கையடக்கத் திரையை அவளுக்கு முன்னால் தரையில் வைத்தார். வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார். சோதனைப் பட்டை, சாவி கொடுக்காதது, அழிக்க மறந்தது, அறுபத்தொன்று, எல்லாவற்றையும். கடைசியில், "உன்றது ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நான்தான்," என்றார்.

அவள் ஒவ்வொரு வரியாகத் தள்ளிப் பார்த்தாள். அறிவியல் கூடத்தில் வேலை பார்த்தவள், கடைசி வரிவரை படித்தாள்.

"நான் ஒருக்காகூட நெனைக்கலைங்களா?"

"இல்ல."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சுங்க மொதல்ல. நான் நல்லாத்தானே இருக்கேன்னு. அப்பறம், ஒடம்பு பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்கன்னு, ஏன் போகணும்ங்குதுன்னு தேட ஆரம்பிச்சேன்." அவள் மடித்த புடவையை மறுபடி பிரித்தாள். "தேடுனா கெடைக்காம இருக்குமா. எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நின்னவாக்குல வந்துட்டுப் போனீங்க. அது கெடைச்சுது. பாப்பா புனே போனதுக்கப்பறம் மத்தியானத்துல நான் தட்டு வெச்சே சாப்பிடறதில்ல, சட்டியோட நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கறேன், அது உங்களுக்குத் தெரியாது. அதுவும் கெடைச்சுது. இப்ப மெஷின் தப்புன்னு சொல்றீங்க. இதெல்லாம் தப்பில்லீங்களே. இதையெல்லாம் நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

தான் அவளைவிட்டுப் போக நினைத்ததாகத் தனக்கே தெரியாது என்று மட்டும் சொன்னார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வெகுநாள் கழித்து அந்தப் பழைய பார்வை, கேள்வி கேட்கிற பார்வை.

"இந்தப் பட்டைய நீங்க வீட்ல கட்டுவீங்களா?"

"இல்ல. கடைல மட்டுந்தான்."

"கடைல இருக்கறப்பதான் கிளம்பணும்னு இருந்துருக்கு."

"ஆமா."

"அப்பக் கடைய விட்டுத்தானுங்க கிளம்பணும்னு இருந்துருக்கு. என்னைய விட்டுன்னு யாரு சொன்னா?"

வாசல் கதவு காற்றில் ஒருமுறை அடித்துக்கொண்டது. திருமூர்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதமாக ஒரே அர்த்தத்தைக் கட்டிக்கொண்டு அழுத மூளைக்கு இது ஏறவே நேரம் பிடித்தது.

"பதினோரு மணிக்கு டீ குடிக்கறப்ப என்ன நெனைப்பீங்க?" என்று கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். சொல்லக் கூச்சமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் சொல்கிற பேச்சா அது? "இந்நேரம் நீ என்ன பண்ணிட்டு இருப்பேன்னுதான். முன்னாடி இருந்தே அப்படித்தான்," என்றார்.

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தால் அது அவர் தவறு. சாந்தாமணியின் கண் நிறைந்தது, ஆனால் குரல் கோபமாகத்தான் வந்தது.

"அறுபத்தொரு நாளு வீட்டுக்கு வரணும்னு இருந்துருக்கு. வண்டியே கிளம்பி நின்னுருக்கு. ஒரு நாளாவது வந்துருக்கலாமேங்க."

புதன்கிழமை அவள் போவதில் மாற்றம் இல்லை என்றும், வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், தனக்கும் யோசிக்க ஓர் இடம் வேண்டும் என்றும் பிறகு சொன்னாள். கிளப்பியை அவர் சுத்தமாகக் கழற்றினார். வயர்களைப் பழையபடி சேர்த்துப் பற்றவைத்தார். இனிமேல் சாவியைத் திருப்பினால்தான் கிளம்பும்.

புதன்கிழமை காலை பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்தார். டயர்களில் காற்று பார்த்தார். மலையேறும்போது எந்த கியரில் போக வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்ததையே சொன்னார். அவள் பத்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. இவர் எட்டரைக்கு, பழக்க தோஷம், கடைக்குப் போய்விட்டார். பாவி மனிதன். பத்து மணிவரை இருந்து வழியனுப்பலாம் என்பதுகூட ரோட்டில் பாதி தூரம் போனபிறகுதான் அவருக்குத் தோன்றியது. அப்போதும் வண்டியைத் திருப்பவில்லை.

பதினோரு மணிக்கு டீ வந்தது. சந்தில் வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தது. அவர் டம்ளரைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, பாதி வேலையில் இருந்த வண்டியின் சொந்தக்காரருக்கு நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, ஷட்டரை இறக்கினார். பக்கத்துக் கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்றார் திருமூர்த்தி.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருந்தது. உள்ளே போனார். வாரநாளில் இந்த நேரத்தில் அந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை. யாரோ தெரிந்தவர்களின் வீடு மாதிரி இருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் இறங்கி அடுப்பு மேடையின் பாதிவரை வந்திருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் ஊதியது. எங்கிருந்தோ ஒரு காகம் வந்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து, இவர் யார் என்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. தினமும் இந்நேரத்துக்கு அதற்குச் சோறு வைக்கப்படும் போலிருக்கிறது. அதுவும் அவருக்குத் தெரியாது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போன் செய்தார். ஐந்தாறு தடவை மணி அடித்தபின் எடுத்தாள். மேட்டுப்பாளையம் தாண்டிப் பாக்குத் தோப்பு ஓரமாக வண்டியை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் சத்தமும் ஏசி ஊதும் சத்தமும் போனில் கேட்டன.

"கடைல இருந்துங்களா?"

"இல்ல. வீட்ல."

ரொம்ப நேரம் எஞ்சின் மட்டும்தான் கேட்டது.

"இந்நேரத்துலயா? என்ன பண்றீங்க அங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன். வெயிலு அடுப்பு மேடை வரைக்கும் வருது சாந்தா. தெனமும் வருமா இது?"

"பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கும்."

"ஒரு காக்கா வந்துருக்கு."

சாவி திரும்பும் சின்னச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் எஞ்சின் நின்றது.

"ம், சொல்லுங்க," என்றாள் சாந்தாமணி.